முதலில் யாருடைய முழங்கால்?

இயன்மருத்துவப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாரே, தம்பிமாரே,

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எத்தனையாம் நாள் எத்தனை பாகை மடக்க வேண்டும், எந்தப் பயிற்சியை எத்தனை தடவை செய்ய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதினால் வாசிக்கிற நீங்களும் தூங்கிவிடுவீர்கள், எழுதுகிற நானும் தூங்கிவிடுவேன். அதற்குப் பதிலாக மல்லாவிப் பக்கத்து ஒரு கணவனையும் மனைவியையும் பற்றிச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் நடந்தது இது. இப்போதும் அவர்களை நினைத்தால் தனியே இருந்து சிரிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ தெரியாது.

சிவகுரு ஐயாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தின் கீழ்க் காணி எடுத்த குடியேற்றக்காரர். இவர் அந்த வயலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். மனைவி பரமேஸ்வரி அவரை விட மூன்று வயது இளையவர். ஆளுக்கு இரண்டாக நான்கு முழங்கால்கள், நான்கும் தேய்ந்தவை. ஒரே மகள் கிளிநொச்சியில் ஆசிரியை. கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே இருப்பார்கள், சேர்ந்தே நொண்டுவார்கள்.

ஒருநாள், முழங்கால் மாற்றும் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது. ஒரே ஓர் இடம். யாரை அனுப்பலாம் என்று பார்த்து, எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியது என் பொறுப்பு. இவர்கள் இருவரையும் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன்.

வழக்கமாக இப்படியான இடங்களில் சண்டை வந்தால், எனக்குத்தான் முதல் என்று வரும். இவர்கள் உனக்குத்தான் முதல் என்று சண்டை பிடித்தார்கள். ஒருவருக்கு எதிராக ஒருவர் சாட்சி சொன்னார்கள்.

“மிஸ், இவ கதிரையால எழும்பேக்க நீங்கள் கேக்க வேணும். அம்மாளாச்சியே எண்டு ஒரு சத்தம். பக்கத்து வளவு நாய் குலைக்கத் தொடங்கிவிடும்” என்றார் ஐயா.

“அவர் வரம்பில நடக்கிறதை வந்து பாருங்கோ மிஸ். கொக்கும் அவரும் ஒரே நடை” என்றார் அம்மா.

வாங்கில் அமர்ந்து காத்திருந்தவர்கள் தங்கள் நோவை மறந்து சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு எக்ஸ்ரே படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐயாவின் படம் பயங்கரம். எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. அம்மாவின் படமும் நல்லதல்ல, ஆனால் ஐயாவின் படத்துக்கு முன்னால் அது பச்சைப்பிள்ளை. எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. படம் பொய் சொல்லாது, ஐயாவுக்குத்தான் முதல் என்று தீர்ப்புச் சொல்லிக் கடிதத்தை எழுதினேன். ஐயா வாயைத் திறக்க முன்னரே அம்மா அந்தக் கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்துவிட்டார். அந்த அவசரத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

கவனித்தவர் எங்கள் நிபுணர். அவரைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து வந்த சிங்களவர், என்னை விட இருபது வயது இளையவர். தமிழை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. வைத்தியசாலை வாட்டில் கிடந்த வயோதிபப் பெண்களிடமிருந்தே பொறுக்கி எடுத்தவர். அதனால் நாற்பது வயதுகூட நிரம்பாத அந்த மனிதர் வாயைத் திறந்தால் எழுபத்தைந்து வயது ஆச்சி ஒருவர் கதைப்பது போலிருக்கும். புதிய நோயாளிகள் முதலில் திகைப்பார்கள், பிறகு அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொள்வார்கள்.

அவர் அப்போது விறாந்தையில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கிளினிக் வாசலில் இரண்டு படி. ஐயா பொல்லை ஊன்றி, முனகி முனகி நேராக இறங்கிவிட்டார். அம்மா மட்டும் வாசலில் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார். நிபுணர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு இருவரையும் திருப்பிக் கூட்டிவந்தார். என்னையும் உள்ளே வரச் சொன்னார்.

“எணை அம்மா, எவ்வளவு நோ எண்டு நான் கேக்கேல்லை. போன வருசம் செய்த எதை எதையெல்லாம் இந்த வருசம் விட்டிட்டியள்?”

அம்மா புருசனைப் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை என்றார். நிபுணர் விடவில்லை. கோயில்? போவதில்லையாம், நிலத்தில் இருந்தால் எழும்ப முடியாது. கட்டில்? அதில் படுப்பதில்லையாம், திரும்பிப் படுக்கும்போது உயிர் போகிறதாம், ஆகவே சாய்வுக் கதிரையிலேயே நித்திரை.

“என்ர குறட்டைக்காக எண்டெல்லோ சொன்னனீர்” என்றார் ஐயா.

நிபுணர் கடைசியாக, தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அம்மா நெடுநேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“மத்தியானத்துக்குப் பிறகு குடிக்கிறேல்லை. கக்கூசில குந்தினா எழும்பேலாது. அதுதான் போகாமல் இருக்கப் பாக்கிறனான்.”

எவ்வளவு காலமாக என்று கேட்டார் நிபுணர். மாரி மழைக்கு முதலில் இருந்து என்றார். சிவகுரு ஐயாவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இருக்கிற மனுசன். “அந்தக் கக்கூஸ் நான் கட்டினது” என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஐயாவிடமும் அதே கேள்வி. சைக்கிள் ஓடுகிறார். வயலுக்குப் போகிறார். நல்ல நித்திரை. எதை விட்டீர்கள் என்று நிபுணர் கேட்க, திருவிழாவில் சாமியைத் தோளில் காவுவதை விட்டுவிட்டேன் என்றார் ஐயா. அது பத்து வருசத்துக்கு முன் விட்டது, அதுவும் தோள் நோவென்று சொல்லி விட்டது என்று அம்மா திருத்தினார்.

அவர்களை வெளியே இருத்திவிட்டு நிபுணர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “படம் நடந்து கிளினிக்குக்கு வாறேல்லை மிஸ். ஆக்கள்தான் வாறவை” என்றார். அவ்வளவுதான். நான் எழுதிய கடிதத்தை அம்மாவின் கைப்பையிலிருந்து திரும்ப வாங்கி, அவருடைய பெயரில் வேறொன்று எழுதினேன்.

பிள்ளைகளே, எப்போது வெட்டுவது என்ற கேள்வியை உங்களிடம் ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்பார்கள். வயதைச் சொல்லாதீர்கள், படத்தை மட்டும் காட்டாதீர்கள். மிக முந்திச் செய்தால் சிலருக்குத் திருப்தியே வராது. போட்ட மூட்டும் ஒருநாள் தேயும். மிகப் பிந்திச் செய்தால் தசை வற்றிப் போயிருக்கும், மடங்காத கால் பிறகும் மடங்க மறுக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த நேரம் ஆளுக்கு ஆள் வேறு. அதைக் கண்டுபிடிக்க, அவர்கள் எதைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள் என்று கேளுங்கள். கேட்கும்போது துணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அதிகம் முனகுகிறவருக்கு அதிகம் நோகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

திகதி குறிப்பதிலும் ஒரு கூத்து நடந்தது. அறுவடைக்கு முன்னரே முடித்துவிடலாம் என்றார் அம்மா. அறுவடை நேரம் வீட்டில் உங்களைப் பார்க்க யார் இருப்பார்கள் என்று நான் கேட்டேன். ஆகவே காலபோக அறுவடை முடிந்த பிறகு என்று தீர்ந்தது. அதுவரைக்கும் சீனி வருத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், சொத்தைப் பல் இரண்டைப் பிடுங்க வேண்டும், தொடைத் தசையைப் பலப்படுத்த வேண்டும், வீட்டில் உயரமான கதிரையும் கொமட்டும் வைக்க வேண்டும். கொமட் என்ற சொல்லை நான் முடிக்க முன்னரே ஐயா தலையாட்டினார். அந்த வாரமே மேசனைப் பிடித்து, பழைய கக்கூசை உடைத்து, இருந்து எழும்புகிற மாதிரிக் கட்டி, இரண்டு பக்கமும் பிடிக்கக் குழாய் பூட்டி, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். பிறந்த பிள்ளையின் படத்தை அனுப்புவது போல நாலு பக்கத்திலிருந்தும் எடுத்திருந்தார்.

அடுத்த கேள்வி, வீட்டில் யார் பார்ப்பது. மகளுக்கு ஒரு கிழமைதான் லீவு. நான் பார்ப்பன் என்றார் ஐயா. அம்மா சிரித்தார். பக்கத்தில் நின்ற தாதி சிரித்தாள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேநீருக்குச் சீனி எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனுசன் என்று அம்மா சொன்னார். சீனி எனக்கு இனித் தேவையில்லை, எனக்கும் சீனி வருத்தம்தானே என்று ஐயா மறுமொழி சொன்னார். வாதத்தில் வென்றவர் அவர்தான். அவருக்கும் அம்மாவின் திகதிக்கு நாலு மாதம் தள்ளி ஒரு திகதியை எழுதிக் கொடுத்து, அதுவரை அம்மாவுக்குச் சொன்ன அதே பயிற்சிகளை நீங்களும் செய்யுங்கள், உடம்பையும் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அறுவடை முடிந்தது. அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்றியாயிற்று. மறுநாள் காலை நானும் எங்கள் பிரிவுப் பிள்ளை ஒருத்தியும் சேர்ந்து அவரை எழுப்பி, வோக்கரைப் பிடிக்கவைத்து நிறுத்தினோம். வருடக்கணக்காக வில்லு மாதிரி வளைந்திருந்த கால் நேராக நின்றது. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், இது வேற ஆற்றையோ கால். மாறிப் பூட்டிப்போட்டினம்” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். சிரிக்கச் சிரிக்க நோகிறது, நோக நோகச் சிரிப்பு வருகிறது. அழுகையும் சேர்ந்து வந்தது. வாட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் முதல் இரண்டு கிழமை விளையாட்டல்ல. இதை நோயாளிகளிடம் மறைக்காதீர்கள். கால் வீங்கும், கண்டிப்போய்க் கறுக்கும், நித்திரை வராது, ஏன் செய்தோம் என்று நினைப்பு வரும். முன்னரே சொல்லி வைத்திருந்தால் அவர்கள் அதைத் தாண்டுவார்கள். சொல்லாவிட்டால் பிழையாகிப் போயிற்று என்று பயந்து காலை ஆட்டாமலே வைத்துவிடுவார்கள். நோவுக்குத் தந்த குளிசையைப் போட்டு அரைமணி நேரம் கழித்துப் பயிற்சி. முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கவே கூடாது. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கினபடியே நின்றுவிடும்.

வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் காலை எனக்கு ஐயாவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. வணக்கம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை.

“மிஸ், இண்டைக்கு அறுபத்திரண்டு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, பேரனின் கேத்திரகணிதப் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து, அம்மாவின் முழங்காலில் பிடித்து அளந்திருக்கிறார். அன்றிலிருந்து குளத்து நீர்மட்டம் அறிவிப்பது போல ஒவ்வொரு நாளும் காலையில் அறிவித்தல் வரும். அறுபத்தைந்து. அறுபத்தெட்டு. இண்டைக்கு மழை மிஸ், அறுபத்தேழுதான். நான் கிளினிக்கில் அந்த எண்ணை உரக்கச் சொல்ல, மற்றப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அம்மா தனியே பயிற்சி செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்தாராம். நீங்கள் பக்கத்தில் கிடந்து செய்தால் நானும் செய்வன் என்றாராம். ஆகவே கட்டிலில் அவர், நிலத்துப் பாயில் இவர், இருவரும் ஒரே எண்ணிக்கையில் காலைத் தூக்கினார்கள். மகள் அதை ஒளித்திருந்து வீடியோ எடுத்து அனுப்பினாள். நாங்கள் அதைப் பல தடவை பார்த்தோம். வேலை நேரத்தில்தான் பார்த்தோம், மன்னியுங்கள்.

மூன்றாம் கிழமை ஒருநாள், வழக்கமான நேரத்தை விடப் பிந்தி அழைப்பு வந்தது. எனக்கு முன்னால் இருபது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். ஐயா எண் சொல்லவில்லை. வலது கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கி நோகிறது, இன்றைக்குப் பயிற்சி செய்யலாமோ என்று கேட்டார். சத்திரசிகிச்சை செய்த கால் வீங்குவது வழக்கம்தான். காலை உயர்த்தி வையுங்கள், ஐஸ் வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்திருப்பேன். அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு நாளில் நூறு தடவை சொல்கிற வசனம் அது, வாய் தானாகவே சொல்லும்.

ஆனால் முழங்காலை விட்டுவிட்டு, கெண்டைக்கால் என்று அவர் குறிப்பாகச் சொன்னது என்னை உறுத்தியது. நேற்று இப்படி இருந்ததா என்று கேட்டேன். இல்லை. மற்றக் கால்? அது வழமை போல. தொட்டால் சூடா? ஓம். மூச்சு எடுக்கக் கஷ்டமா, நெஞ்சு நோகிறதா? இல்லை. இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி நல்லெண்ணெயைச் சூடாக்கி வைத்திருக்கிறேன், நன்றாக உருவிவிட்டால் சரியாகிவிடுமாம் என்றார்.

“தொடாதேங்கோ” என்று கத்தினேன்.

கிளினிக்கில் காத்திருந்த அத்தனை பேரும் தங்கள் முழங்கால்களிலிருந்து கையை எடுத்தார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. உருவ வேண்டாம், நடக்கவைக்க வேண்டாம், ஒரு வாகனத்தைப் பிடித்து இப்போதே வாருங்கள், வரும்போது மூச்சு முட்டினால் வழியில் எந்த வைத்தியசாலை முதலில் வருகிறதோ அங்கே திருப்புங்கள் என்று சொன்னேன். நிபுணருக்கும் சொல்லி வைத்தேன். என் ஊகம் பிழையாகி, வெறும் வீக்கமாக இருந்தால், மல்லாவியிலிருந்து ஒரு மனுசியை வீணாக அலைக்கழித்த கெட்டபெயர்தான் மிஞ்சும். அந்தப் பயமும் இருந்தது. அந்தப் பயத்தை அப்படியே வைத்துக்கொண்டே அவர்களை வரச் சொல்ல வேண்டும், அதுதான் நம்முடைய வேலை.

பக்கத்து வீட்டுக்காரரின் வான் வண்டியில் வந்தார்கள். ஸ்கான் செய்து பார்த்ததில் கெண்டைக்காலின் நாளத்துக்குள் இரத்தக் கட்டி. அதைத் தடுக்க மருந்து கொடுத்திருந்தோம். கொடுத்தும் சிலருக்கு வரும். அது அங்கிருந்து கழன்று நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவை உடனே அனுமதித்து மருந்தைத் தொடங்கினார்கள்.

ஐயா வாட்டுக்கு வெளியே நின்றார். கைகளை உடம்பிலிருந்து தள்ளி, விரித்தபடி வைத்திருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய்.

“பூசத்தான் வெளிக்கிட்டனான் மிஸ். கையில எடுத்திட்டன். அப்ப ஏதோ நினைச்சு உங்களுக்குப் போன் அடிச்சனான்” என்றார்.

நான் அவரைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சவர்க்காரம் கொடுத்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

அம்மா தப்பினார். ஆனால் அந்தக் குழப்பத்தில் மடக்கும் பயிற்சி பிந்திப்போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது கால் எழுபத்தைந்து பாகையில் நின்றது. இன்னும் சில கிழமையில் தொண்ணூறைத் தாண்டாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துப் பலவந்தமாக மடக்க வேண்டி வரலாம் என்று நிபுணர் சொன்னார். அம்மாவுக்கோ கட்டியை நினைத்துப் பயம். காலை அசைத்தால் அது ஓடிவிடும் என்று நினைத்தார். மருந்து தொடங்கிய பிறகு அசைப்பதுதான் நல்லது என்று எத்தனை தடவை விளங்கப்படுத்தியும் காலை நீட்டினபடியே வைத்திருந்தார். காலை அறிவித்தல் எழுபத்தைந்திலேயே நின்றது. நான்கு நாள் எழுபத்தைந்து. ஐந்தாம் நாள் ஐயா எண் சொல்லவே வெட்கப்பட்டார்.

ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லி அவரை மாற்றுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். படலையைத் திறக்கும்போதே அம்மாவின் குரல் கேட்டது. குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, அதில் இருந்தபடி உள்ளே நிற்கிற மனுசனுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். ஐயா உள்ளே புகைக்குள் நின்றார். அவர் வைத்த பருப்பில் உப்பு இரண்டு தடவை போட்டாயிற்று. மூன்றாம் தடவையும் உப்புப் போத்தலை எடுத்தார். அம்மா அதைக் கண்டார். எழும்பிப் போய்ப் பறிக்க முடியாது. ஆனால் உடம்பு முழுக்கப் போகத் துடித்தது. வலது பாதம் தன்னையறியாமல் நிலத்தில் சறுக்கிக் கதிரைக்குக் கீழே போயிற்று. எழும்ப எத்தனிக்கிறவர் எல்லோரும் செய்வதுதான். நான் படலையிலேயே நின்று பார்த்தேன். என் கண்மட்டத்துக்கு அது எண்பத்தைந்து இருக்கும்.

நான் கொண்டுபோன நல்ல வார்த்தைகள் எல்லாவற்றையும் அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். உரப்பை ஒன்றை வாங்கி மடித்து அவருடைய பாதத்துக்குக் கீழே போட்டேன், நன்றாகச் சறுக்குவதற்காக. ஐயாவைத் தனியே கூப்பிட்டு, நீங்கள் இப்படியே சமையுங்கோ, திருந்தாதேங்கோ என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கியதா தெரியாது. ஆனால் திருந்தவில்லை. சோறு குழைந்தபோது எண்பத்தெட்டு. கருவாடு கரிந்த அன்று தொண்ணூற்றிரண்டு. சம்பலுக்குத் தேங்காய்ப்பூவுக்குப் பதில் ரவையைப் போட்ட அன்று காலை நூற்றிரண்டு பாகை. கிளினிக்கில் நாங்கள் மேசையில் தட்டிக் கொண்டாடினோம். நோயாளிகளும் என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார்கள்.

ஆறாம் கிழமை முடிவில் அம்மா பொல்லோடு நடந்தார். மூன்றாம் மாதம் பொல்லும் இல்லை. முழங்காலுக்குள் டக் டக் என்று ஒரு சத்தம் வருகிறது, உள்ளே யாரோ தாளம் போடுகிறார்கள் என்று சொன்னார். அது பலருக்கும் கேட்கும், பயமில்லை என்றேன். தழும்புக்கு வெளிப்பக்கத்தில் ஒரு துண்டு இடம் மரத்துப்போய் இருந்தது. அதையும் முன்னரே சொல்லி வைத்திருந்ததால் அவர் பயப்படவில்லை. சூடும் வீக்கமும் முழுதாகப் போக ஒரு வருடம் கூட எடுக்கலாம். அவரிடம் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு செம்பை அப்படியே குடிக்கிறேன் என்றார். கட்டிலில்தான் படுக்கிறேன், குறட்டையையும் கேட்கிறேன் என்று கூடவே சொன்னார்.

இப்போது ஐயாவின் முறை. குறித்த திகதியில் பெரிய பை ஒன்றோடு வந்தார். ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அயலட்டையில் நாலு வீட்டில் கூப்பிட்டு விருந்தும் கொடுத்திருக்கிறார்கள். நிபுணர் புதிதாக எடுத்த படத்தைப் பார்த்தார். அதே படம். எலும்போடு எலும்பு. ஒரு மயிரிழைகூட மாறவில்லை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, விறாந்தை முடிவு வரை நடந்து காட்டச் சொன்னார். ஐயா நடந்தார். திரும்பி வந்தார். கதிரையில் கை ஊன்றாமல் இருந்து எழும்பச் சொன்னார். எழும்பினார். பத்துத் தடவை எழும்பினார். படி ஏறினார், இறங்கினார். பொல்லு எங்கே என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அது வீட்டில் மாட்டுக் கொட்டிலில் இருக்கிறதாம்.

நாலு மாதமாக மனைவியோடு சேர்ந்து காலைத் தூக்கியவர். நாலு மாதமாகக் குசினியில் நின்றவர். நாலு மாதமாகத் தன்னுடைய சமையலையே தின்று பத்துக் கிலோ மெலிந்தவர்.

“எணை ராசா, இதை வெட்டினா எனக்குப் பாவம் கிடைக்கும். வீட்டை போங்கோ” என்றார் நிபுணர்.

ஐயாவுக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. விருந்து தந்து அனுப்பிய சனத்துக்கு என்ன சொல்வது என்று கேட்டார். வாட்டில் உடுக்க வாங்கிப் பையில் வைத்திருந்த புதுச் சாரத்தைக் காட்டினார். ஒரு முழங்காலையாவது செய்யுங்கோ டொக்டர் என்று கேட்டும் பார்த்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிபுணர் பொறுமையாகச் சொன்னார்: முழங்கால் சுகமாகிவிடவில்லை, தேய்ந்தது தேய்ந்ததுதான், ஆனால் இப்போது தசை அதைத் தாங்குகிறது. ஒரு வருடமோ ஐந்து வருடமோ, நித்திரையைக் கெடுக்கிற நாளில், வயலுக்குப் போக முடியாத நாளில் வாருங்கள், அன்றைக்கு நானே செய்கிறேன். அவருடைய இடத்தை, மாதக்கணக்காகக் காத்திருந்த செட்டிகுளத்து அம்மா ஒருவருக்குக் கொடுத்தோம்.

பிள்ளைகளே, ஒருவருக்கு ஒரு திகதி கொடுத்துவிட்டால் அந்தத் திகதிக்குள் எல்லாமே மாறலாம். பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக ஆளைத் திரும்பப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். பட்டியலிலிருந்து ஒரு பெயரை வெட்டுவதும் நம்முடைய தொழிலில் ஒரு வெற்றிதான். அந்த வெற்றிக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். ஐயாவும் சொல்லவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு முகத்தை நீட்டினபடி வெளியே போனார்.

அவர்களை வழியனுப்ப நானும் வாசல் வரை போனேன். மத்தியான பஸ் வைத்தியசாலைக்கு முன்னால் நின்று, ஆட்களை ஏற்றிவிட்டு மெல்ல நகரத் தொடங்கியிருந்தது. அடுத்த பஸ் பின்னேரம்தான். ஐயா கையைக் காட்டினார், சாரதி காணவில்லை. சரி, போகட்டும் என்று ஐயா பையைக் கீழே வைத்தார். அப்போது என் பக்கத்தால் ஏதோ காற்று மாதிரிப் போயிற்று. திரும்பிப் பார்த்தால் பரமேஸ்வரி அம்மா. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறார்.

புது முழங்காலோடு ஓடக்கூடாது என்று நான் அவருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எழுதியும் கொடுத்திருக்கிறேன். “ஓடாதேங்கோ அம்மா” என்று கத்திக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். “இஞ்சாரும், நில்லும்” என்று கத்திக்கொண்டு பையோடு ஐயா எனக்குப் பின்னால் ஓடினார். என் செருப்பு ஒன்று கழன்று எங்கேயோ போயிற்று. காவலாளி எழும்பி நின்று பார்த்தார்.

அம்மா பஸ்ஸின் பின்பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் நின்றது. மிதிபலகையில் வலது காலை வைத்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். நானும் ஐயாவும் மூச்சு வாங்கியபடி நடுத்தெருவில் நின்றோம்.

“கெதியா வாங்கோ” என்றார். “உங்கள் ரெண்டு பேருக்காகவும் பஸ் நிக்குமே?”